தலை திருப்புகிறவள்

கோகிலவாணிக்கு அந்த வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டாள்.

தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி, குர்லாவில் மாறி, திலக் நகரில் இறங்கினால் ஐந்து நிமிட நடையில் அனந்த் டாக்டரின் கிளினிக் வந்துவிடும். காது, மூக்கு, தொண்டை பார்ப்பவர். அங்கே அவள் ஒன்பது வருஷமாக ஆயா. பேஷண்டுகளுக்கு அவள் மாவ்ஷி, மராத்தியில் சித்தி. டாக்டர் மட்டும் கோகிலா என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

தலைசுற்றலோடு வருகிறவர்களை டாக்டர் உள்ளறைக்கு அழைத்துப் போகும்போது அவளும் அங்கே இருப்பாள். வாந்தி வந்தால் பிடிக்க ஒரு தட்டு, துடைக்க ஒரு டவல், பயந்து உதைத்தால் காலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். அவ்வளவுதான் அவள் வேலை. டாக்டர் பேஷண்டைக் கட்டிலில் கால்நீட்டி உட்காரவைப்பார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, கோளாறான காதுப்பக்கம் பாதி திருப்பி, அப்படியே சடக்கென்று மல்லாக்கச் சாய்ப்பார். தலை கட்டில் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கும். அடுத்த நொடி பேஷண்டின் கண்கள் துள்ள ஆரம்பிக்கும். அம்மா, ஆயீ, பாப்ரே என்று அவரவர் பாஷையில் அலறுவார்கள். டாக்டர் விடமாட்டார். கண் துள்ளி அடங்குகிறவரை பிடித்திருந்து, பிறகு தலையை மறுபக்கம் திருப்புவார். கொஞ்ச நேரம் கழித்து உடம்பையும் அதே பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி முகத்தைக் கவிழ்ப்பார். கடைசியில் மெதுவாக எழுப்பி உட்காரவைப்பார். மொத்தமே நாலைந்து நிமிஷம். இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த ஆள், தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு போவார்.

"காதுக்குள்ள பொடிப்பொடியா சுண்ணாம்புக் கல்லு மாதிரி இருக்கும்" என்று டாக்டர் தமிழ்க்காரப் பேஷண்டுகளிடம் சொல்வதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "அது இடத்தை விட்டு நழுவி, பக்கத்துல இருக்கற வளையத்துக்குள்ள போயிடுத்துன்னா, தலையை அசைக்கறச்சேயெல்லாம் லோகமே சுத்தும். நாம தலையைத் திருப்பித் திருப்பி அந்தப் பொடியைப் பழைய இடத்துலயே கொண்டு விட்டுடறோம். வேற ஒண்ணும் இல்லே."

வேற ஒண்ணும் இல்லே என்பதை அவள் அப்படியே நம்பினாள். உள்ளறைக்கு வருவதற்கு முன்னால், முன்னறையில் டாக்டர் கால்மணி நேரம் பேஷண்டிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கோகிலவாணி உள்ளே விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்செல்லாம் பயத்தைப் போக்குவதற்கு என்றுதான் நினைத்திருந்தாள்.

முதன்முதலில் அவள் கை வைத்தது கணேசபாண்டியனுக்கு. தாராவியில் அவள் வீடு இருக்கும் சந்தின் முனையில் தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருப்பவர். பதினைந்து நாளாக மனிதருக்குப் படுத்தால் சுற்றல், புரண்டால் சுற்றல், மேலே தட்டில் இருக்கும் தோல் ரோலை அண்ணாந்து பார்த்தால் சுற்றல். பித்தம் என்று யாரோ சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அவரைத் தோல் வெட்டும் மேஜையிலேயே உட்காரவைத்து, தலையைப் பிடித்து வலப்பக்கம் சாய்த்தாள். கண் துள்ளியது. டாக்டர் செய்கிற மாதிரியே பிடித்திருந்தாள், திருப்பினாள், கவிழ்த்தாள், எழுப்பினாள். கணேசபாண்டியன் கொஞ்ச நேரம் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அண்ணாந்து தகரக்கூரையைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"ஏ தாயி, நின்னுட்டு" என்றார்.

அது போதும். ஒரே வருஷத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் செய்திருப்பாள். 'காதுக்கல்' என்று அந்தச் சீக்குக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பேரே வந்துவிட்டது. கல் சேர்க்கிற அக்கா வேலையிலிருந்து எப்போது வருவாள் என்று வந்து கேட்பார்கள். அவள் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. நாற்பதில் முப்பது பேருக்காவது நின்றிருக்கும். நிற்காதவர்களை டாக்டரிடம் போகச் சொல்வாள். எட்டாவது பாதியில் படிப்பை விட்டவள், இத்தனை வருஷமாக அடுத்தவர் வாந்திக்குத் தட்டுப் பிடித்தவள், தன் கையாலும் ஒரு காரியம் ஆகிறது என்று அந்த ஒரு வருஷம் நிமிர்ந்து நடந்தாள். அதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். அவளும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

டாக்டருக்கு இது தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

முருகம்மாளின் வீடும் கோகிலவாணியின் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டவை. இருவரும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தவர்கள். முருகம்மாள் வீட்டிலிருந்தபடியே தாகா வேலை செய்வாள். தைத்து முடித்த ஜீன்ஸ்களில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிச் சீராக்குகிற வேலை. காலையில் ஒரு மூட்டை வரும், மறுநாள் கொடுக்க வேண்டும். வாயும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடும். அவள் பேசாத நேரமென்றால் தூங்குகிற நேரம்தான். புருஷன் இசக்கிக்கு விக்ரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். மகன் ஹரி கல்யாணமாகி சான்பாடாவில் தனியாக இருந்தான். முருகம்மாளுக்கு பிரஷர் உண்டு. மாத்திரை சாப்பிட்டால் கால் வீங்குகிறது என்று நிறுத்தியிருந்தாள். கோகிலவாணிக்கு அது தெரியும். நிறுத்தாதே என்று இரண்டு தடவை சொல்லவும் செய்திருந்தாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு கோகிலவாணி சந்துக்குள் நுழையும்போதே இசக்கி வெளியில் நின்றிருந்தார். கேன்டீனிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறார், சட்டையில் மசாலாக் கறை. சந்து முனையில் ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தி வைத்திருந்தார்.

"காலையில இருந்து கெடையாக் கெடக்கா. நிமுர முடியல. எதுத்த வீட்டுப் பிள்ளதான் போன் பண்ணுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவம்னு பாக்கேன்."

கோகிலவாணி பையைக்கூட வைக்காமல் உள்ளே போனாள். முருகம்மாள் ஜீன்ஸ் மூட்டையில் சாய்ந்தபடி இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த வாளி.

"ஏட்டி கோகிலா, நிய்யி வந்துட்டியா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கிறுகிறுன்னு வருதுட்டி. வீடே சுத்துது."

"படுத்தா சுத்துதா, முருகு?"

"படுத்தாலும் சுத்துது, உக்காந்தாலும் சுத்துது. நிக்கவே இல்ல. பொடதில வலி வேற" என்று பிடரியைப் பிடித்துக்காட்டினாள்.

கோகிலவாணி அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள். சாய்க்காமலே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கண் துள்ளிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னால் இந்தப் பக்கம் துள்ளியது, அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னால் அந்தப் பக்கம் துள்ளியது. இப்படி ஒரு கண்ணை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் கை நின்றது. இரண்டு காதிலும் கல் நழுவியிருக்கும், அதனால்தான் இரண்டு பக்கமும் துள்ளுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதும் அது சரியாகவே பட்டது.

வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ரிக்‌ஷாவ அனுப்பிருங்க. இது காதுக்கல்தான். ரெண்டு பக்கமும் கழண்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கன ராத்திரி பூரா பெஞ்சில கெடக்கணும். நான் பாத்துக்கிடுதேன்."

இசக்கி தயங்கினார். "பொடதி வலிக்குங்காளே."

"வாந்தி எடுத்து எடுத்து வலிக்கும். எத்தன பேருக்குப் பாத்துட்டேன்."

ரிக்‌ஷா போய்விட்டது.

அன்றைக்கு வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை செய்தாள். ஒவ்வொரு தடவையும் முருகம்மாள் ஓங்கரித்தாள், அவள் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். எழுப்பி உட்காரவைத்ததும், "கொஞ்சம் கொறஞ்ச மாரி இருக்குட்டி" என்றாள். குறைந்ததா, அல்லது கோகிலவாணிக்காகச் சொன்னாளா என்பது கடைசிவரை தெரியவில்லை. புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முருகம்மாள் எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் பின்னி இடப்பக்கம் விழப்போனவளை இசக்கி பிடித்துக்கொண்டார். விக்கல் வேறு ஆரம்பித்து நிற்காமல் இருந்தது. "நாளைக்குச் சரியாயிரும் அண்ணாச்சி, சிலருக்கு மூணு நாளாவும்" என்றாள் கோகிலவாணி. டாக்டரும் சில பேஷண்டுகளிடம் அப்படிச் சொல்வதுண்டு.

வியாழக்கிழமை காலை, கோகிலவாணி தலையைத் தொட்டதும் முருகம்மாள் ஏதோ சொன்னாள். வார்த்தை குழறி, வாயில் சோறு வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார்கள். அது மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. கோகிலவாணியின் கை விலகிவிட்டது. அவளே ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்துவந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் முருகம்மாளின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்றார். முருகம்மாளின் இடது கை காற்றில் அலைந்ததே தவிர, எதையும் தொடவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று ஹிந்தியில் கேட்டார்.

"தீன் தின் ஹுவா ஸாப்" என்றார் இசக்கி.

மூன்று நாளா, மூன்று நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டிலேயே வைத்தியம் பார்த்தோம் என்றார் இசக்கி. என்ன வைத்தியம் என்றார் டாக்டர். இசக்கி திரும்பி கோகிலவாணியைப் பார்த்தார். அவள் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளினிக்கில் வேலை செய்கிறேன், நான்தான் தலையைத் திருப்பினேன் என்று ஹிந்தியில் சொல்ல அவளுக்கு நன்றாகவே தெரியும். வாய் திறக்கவில்லை. அதற்குள் ஸ்ட்ரெச்சரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூளையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, ரத்தக்குழாய் அடைத்துப்போய் அந்த இடம் செத்துவிட்டது என்றார்கள். வீங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். இருபத்து மூன்று நாள் அங்கே கிடந்தாள். உயிர் மட்டும் பிழைத்தது.

அந்த முதல் வாரத்தில் கோகிலவாணி வீட்டில் சோறு பொங்கவில்லை. அவள் புருஷன் மாரிசெல்வம் டெம்போ ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பான். வந்தவன் விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"யாருட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இசக்கி அண்ணாச்சி ஒண்ணும் கேக்கலல்லா?"

"கேக்கல."

"பெறவு என்ன. நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. வாயத் தொறந்தன்னா வேலையும் போயிரும், போலீஸ் கேஸும் ஆயிரும். அவளுக்கு எழுதினது அப்பிடி."

அவளால் அப்படி விட முடியவில்லை. கிளினிக்கில் பேஷண்டெல்லாம் போன பிறகு, டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது போய் நின்றாள். எங்கள் ஏரியாவில் ஒரு பொம்பளைக்கு இந்த மாதிரி ஆச்சு என்று ஆரம்பித்தாள். தெரிஞ்சவங்க யாரோ தலையைத் திருப்பியிருக்காங்க, அப்புறம் பார்த்தா மூளையில அடைப்பாம் என்றாள். டாக்டர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"யாரு திருப்பினா?"

டாக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கே, கோகிலா?"

"நாப்பது பேரு இருக்கும், டாக்டர்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரல் உயரவேயில்லை.

"நான் முன்னாடி உக்காத்தி வச்சு அத்தனை கேள்வி கேக்கறேனே, எதுக்குன்னு நெனச்சே? எத்தனை நாழி சுத்தறது, அசையாம இருந்தா நிக்கறதா, நடக்க முடியறதா, ரெண்டு ரெண்டா தெரியறதா, பேச்சு கொழறறதா, பிரஷர் உண்டா. இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் தலையைத் தொடமாட்டேன். தெரியுமோ? நேரா ஸ்கேனுக்கு அனுப்பிடுவேன். போன வருஷம் மட்டும் நாலு பேரை அனுப்பியிருக்கேன்."

"நான் உள்ள இருப்பேன், டாக்டர். பெட்ஷீட் மாத்திட்டு இருப்பேன்."

"ஆமாம்" என்றார் அவர். "நீ உள்ளே இருப்பே."

செவ்வாய்க்கிழமையிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு அவளே கேட்டாள். "நான் திருப்பினதாலதான் வந்துச்சா?"

"அது சொல்ல முடியாது. ஏற்கெனவே வந்திருக்கும்னுதான் நெனைக்கறேன். ஆனா நாலு தடவை அந்தக் கழுத்தைத் திருப்பியிருக்கே. அதனால ஒண்ணும் ஆகலேன்னு என்னால சொல்ல முடியாது."

"மொத நாளே கூட்டிட்டுப் போயிருந்தா?"

"அப்பவே காலையிலேர்ந்து இருந்ததுங்கறே. அடைப்பைக் கரைக்கற ஊசிக்கு நேரம் தாண்டியிருக்கும். ஆனாலும் ஆஸ்பத்திரியில வேற மருந்து ஆரம்பிச்சிருப்பா, வீக்கத்தைக் கவனிச்சிருப்பா. கொஞ்சமாவது மிச்சம் பண்ணியிருக்கலாம். எவ்வளவுன்னு கேக்காதே."

மறுநாளிலிருந்து உள்ளறை வேலைக்கு சுஷ்மா என்று ஒரு பெண் வந்தாள். கோகிலவாணிக்கு முன்னறையும் வராந்தாவும் துடைக்கிற வேலை. டாக்டர் காரணம் சொல்லவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. உள்ளேயிருந்து பேஷண்டுகள் அலறுகிற சத்தம் கேட்கும்போது அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு வெளியே படிக்குப் போய் நிற்பாள்.

முருகம்மாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேல்மாடிக்கு இரும்பு ஏணியில் ஏற்ற முடியாதென்று கீழ் அறையிலேயே கட்டில் போட்டார்கள். மூக்கில் குழாய். கஞ்சியும் பாலும் அதன் வழியாகத்தான். பேச்சு இல்லை. கண் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிகிறதா என்பதை டாக்டர்களே உறுதியாகச் சொல்லவில்லை. தெரியும் என்றார் இசக்கி. அவர் கேன்டீன் வேலையை விட்டுவிட்டார். ஹரி முதலில் ஞாயிறு தவறாமல் வந்தான். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அப்புறம் போனில், "பப்பா, டியூட்டி டைட்டா இருக்கு, நெக்ஸ்ட் வீக் பக்கா வர்றேன்" என்பான். சந்துக்காரர்களும் முதல் மாதம் எட்டிப் பார்த்தார்கள். வாடை வர ஆரம்பித்த பிறகு வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். தாகா மூட்டை வேறு ஒரு வீட்டுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இசக்கி சுவரைத் தட்டிக் கூப்பிட்டார்.

"கோகிலா, நிய்யி ஒருக்கா தலையைத் திருப்பிப் பாரேன். கண்ணு ஆடிக்கிட்டே இருக்கு பாரு. கல்லு எதும் இன்னும் உள்ள கெடக்கோ என்னமோ."

"இனும வேண்டாம் அண்ணாச்சி. ஆஸ்பத்திரில பாத்துட்டாங்கள்லா."

"பைய செய்யி. ஒண்ணும் ஆவாது. இனும என்ன ஆவப்போவுது?"

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சாய்க்கவோ தொங்கவிடவோ இல்லை. தலையணையில் இருந்த தலையை இரண்டு கையிலும் ஏந்தி, துளிகூட அழுத்தாமல், வலப்பக்கம் மெல்லத் திருப்பினாள். பிறகு இடப்பக்கம். முருகம்மாளின் முடியெல்லாம் சிக்குப் பிடித்திருந்தது. காதின் பின்னால் வேர்வையும் பாலும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். இசக்கி கட்டில்காலில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கும் வா" என்றார்.

அப்படி ஆரம்பித்தது. தினமும் வேலை முடிந்து ஆறரைக்கு வருவாள். ஒரு நாள் ரயில் நின்றுபோய் எட்டு மணி ஆனது. இசக்கி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். சுவரில் தட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து போனாள்.

நடுவில் மற்றவர்கள் வராமல் இல்லை. கணேசபாண்டியனுக்கே திரும்பவும் கல் நழுவிவிட்டது. அவள் கை வைக்க மாட்டேன் என்றாள். திலக் நகர் டாக்டரிடம் போங்கள் என்றாள். "என்ன தாயி, பேரு வந்ததும் பெரிய ஆளாயிட்டியா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இன்னொருத்தி, "முருகம்மாளுக்கு மட்டும் தெனமும் செய்யுதா, நமக்குன்னா கை நோவுது" என்று குழாயடியில் சொன்னது கோகிலவாணியின் காதிலும் விழுந்தது. அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூன் மாதம் முதல் மழை கொட்டிய அன்று முருகம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அன்றைக்குத் தலையைக் கையில் எடுத்தபோது கோகிலவாணிக்கு அடக்க முடியாமல் போயிற்று. தலையைத் தலையணையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு பிரயோசனமும் இல்ல."

இசக்கி மருந்துப் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"இது காதுக்கல்லே இல்ல. மொத நாளும் இல்ல. ஒண்ணும் தெரியாமச் செஞ்சேன். நீங்க ரிக்‌ஷா நிப்பாட்டி வச்சிருந்திய. நான்தான் அனுப்பச் சொன்னேன். அன்னைக்கே போயிருந்தா இவளுக்கு இம்புட்டு ஆயிருக்காது. எங்க டாக்டரே சொல்லிட்டாரு. நான்தான் அண்ணாச்சி."

வெளியே மழை தகரத்தில் இடித்தது. இசக்கி பாட்டிலைப் பலகையில் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில சேத்த மூணாம் நாளே தெரியும். அந்தச் சின்ன டாக்டரு என்னையத் தனியாக் கூட்டிட்டுப் போயி கேட்டாரு. நீ செஞ்சதச் சொன்னேன். தலையில அடிச்சிக்கிட்டாரு."

"பெறவு என்னத்துக்கு அண்ணாச்சி என்னையத் தெனமும்..."

"பெறவு வேற யாரு வருவா?" என்றார் இசக்கி. குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கேன்டீனில் அரிசி எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி இருந்தது. "பெத்தவன் வரல. கூடப்பொறந்தவுக வரல. நிய்யி வருவ. வராம ஒன்னால இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அதான் கூப்பிடுதேன்."

அவள் அவர் காலைத் தொடப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம். மன்னிச்சிட்டேன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். சொல்லவும் வரல எனக்கு. ரிக்‌ஷாவ அனுப்புனது நானுந்தான. பொடதி வலிக்குங்கான்னு தெரிஞ்சும் அனுப்புனேன். நீ சொன்ன, நான் கேட்டேன். நீ தெனமும் வா. நான் கடைக்குப் போணும், குளிக்கணும், ஒரு மணி நேரம் கண்ணசரணும். அதுக்கு ஆள் வேணும். தலையத் திருப்பு, தொடைச்சு விடு, என்னமும் செய்யி. வந்து உக்காரு."

அவர் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

கோகிலவாணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முருகம்மாளின் மூச்சு கரகரவென்று ஏறி இறங்கியது. ஆடுகிற கண்ணைப் பார்த்து, "முருகு, நான் சொன்னது கேட்டுச்சா?" என்றாள். பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முருகம்மாள் வலது கையை அசைத்தாள். அது கோகிலவாணியை நோக்கி வந்ததா, அவளைத் தள்ளப் பார்த்ததா என்று சொல்ல முடியாதபடி பாதி தூரத்தில் மெத்தைமேல் விழுந்தது. கோகிலவாணி அந்தக் கையைத் தொடவில்லை. தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சளி இறங்க இரண்டு வாரம் ஆனது. அப்புறம் முதுகில் படுக்கைப்புண் வந்தது. அதை ஆற்றவே ஆவணி வரை போயிற்று. முருகம்மாளின் நிலைமை இதற்குமேல் தேறாது என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கிடக்கலாம் என்றார்கள். இசக்கி அந்தக் காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு இருக்கும் பையில் போட்டார்.

கோகிலவாணி அவரிடம் அதற்குப்பிறகு எதுவும் பேசியதில்லை. ஆறரைக்குப் போவாள். அவர் எழுந்து வெளியே போவார். இவள் குழாயில் கஞ்சி ஊற்றுவாள், புண்ணுக்கு மருந்து போடுவாள், துணி மாற்றுவாள், தலையை ஒரு பக்கமாகவே வைத்திருந்தால் அங்கேயும் புண் வந்துவிடும் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வைப்பாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பி வருவார். அவள் எழுந்து போவாள். வாசலில் இருவரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொள்வார்கள்.